மணிக்கட்டுத் தேள்

வையாபுரி தலையாட்டினார். சங்கவியின் இடது மணிக்கட்டில் தேள் கொட்டியது.

பாடத் திரையில் பேசிக்கொண்டிருந்த பெண்குரல் அதற்குள் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டது. சங்கவி அவசரமாகத் திரையை நிறுத்தினாள். தற்செயலாக நிறுத்தியது போலத் தோன்ற வேண்டுமே என்று ஒரு முறை இருமிக்கொண்டாள். பிறகு தனக்கே மறந்துபோன மாதிரி, "அந்த ஆரஞ்சு அட்டையை எதுக்கு மாட்டறாங்கன்னு இன்னொருக்காப் பார்த்துக்கலாமுங்ணா" என்று பாடத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். வையாபுரி அதற்கும் தலையாட்டினார். இந்த முறை தேள் சும்மா இருந்தது.

தேள் என்றால் நிஜத் தேள் இல்லை. பயிற்சி நிலையத்தார் அதற்கு உணர்வளை என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருந்தார்கள். பார்வைக்கு மெல்லிய ரப்பர் வளையல். படிக்கிறவரின் காதுக்குப் பின்னால் பொட்டளவில் ஒரு நீல வில்லை ஒட்டியிருக்கும். கேட்கிற விஷயம் புரியாமல் அவருடைய மூளை இடறும் நொடியிலேயே, பக்கத்தில் இருக்கும் துணைப் பயிற்றுநரின் மணிக்கட்டில் வளை சுருக்கென்று குத்தும். புரியாதது பெரிதானால் குத்தும் பெரிது. துணைப் பயிற்றுநர் வேலைக்குப் பழக வந்த பதினோரு பேரும் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் அதற்குத் தேள் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.

லாரிகள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கி நாலு வருடமாகிறது. சங்ககிரியில் தெருவுக்குப் பத்து டிரைவர் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு லாரி பேட்டரி மாற்றும் வேலையைச் சொல்லிக்கொடுக்க நெடுஞ்சாலை ஓரம் ஒரு மறுபயிற்சி நிலையம் திறந்தார்கள். ஐம்பது வயதில் நோட்டுப் புத்தகத்தைத் தொட்ட ஆட்கள் மூன்றாம் நாளே ஓடிப்போனார்கள். பாடம் நடத்தத் திரை போதும், ஓடுகிற ஆளைப் பிடித்து உட்கார வைக்கத் திரையால் ஆகாது என்பது மேலே இருந்தவர்களுக்கு உறைக்க ஒரு வருடம் பிடித்தது. ஆளுக்கு ஒரு துணைப் பயிற்றுநர் என்ற ஏற்பாடு அப்படித்தான் வந்தது. பக்கத்தில் உட்கார வேண்டும், சந்தேகம் தீர்க்க வேண்டும், வராத நாளில் வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும், வீட்டில் சண்டை என்றால் அதையும் காதில் வாங்க வேண்டும். பெரிய மனுசர்களுக்கு ஆயா வேலை என்று சங்கவியின் கணவருடைய அண்ணன் சிரித்தார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. சங்கவிக்கு வயது நாற்பத்தொன்று. பதினைந்து வருடம் சுங்கச்சாவடிக் கூண்டில், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு நீட்டியவள். டிரைவர்களோடு அந்தக் கூண்டும் போயிற்று. அண்ணன் தன் ஹார்டுவேர் கடைக் கல்லாவுக்கு வா என்றார். அந்தக் கல்லாவுக்கும் முன்னால் ஒரு கண்ணாடி இருந்தது. செத்தாலும் இனி ஒரு சன்னலுக்குப் பின்னால் உட்காரமாட்டேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு அவள் இங்கே வந்து சேர்ந்தாள். நாற்பத்திரண்டு முடிந்துவிட்டால் இந்தப் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். ஆறு வாரம், ஒரே ஒரு மாணவர். அவர் தேறினால் இவளுக்கு வேலை. அவர் தோற்றாலோ ஓடிப்போனாலோ கல்லாதான்.

அந்த ஒரே மாணவர்தான் வையாபுரி. வயது ஐம்பத்து நாலு, முப்பது வருடம் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டியவர். முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்தபோது சங்கவிக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட அவர் கையை நீட்டியதும், மோதிர விரலில் நுனி இல்லாத அந்தக் கையைத் தெரிந்துகொண்டாள். கூண்டுக்குள் இருந்தவளுக்கு டிரைவர்கள் என்றால் கைகள்தானே. அவள் அதைச் சொன்னபோது அவர் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார்.

தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. லாரி முதலாளி சொன்னதற்கு, செக்போஸ்ட்டில் கை நீட்டியவனுக்கு, லோடு ஏற்றும் மேஸ்திரிக்கு என்று முப்பது வருடம் ஆட்டிப் பழகிய தலை அது. நீங்கள் பேசுங்கள், என்னால் நிற்க வேண்டாம் என்கிற மரியாதை அதில் இருந்தது. பொய் சொல்கிறோம் என்று அவருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. ஆனால் தேளுக்கு மரியாதை தெரியாது. முதல் வாரம் முடிந்தபோது சங்கவியின் மணிக்கட்டைச் சுற்றி உண்ணி கடித்தது போலச் சிவப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன.

இரண்டாம் வாரம் அவர் இரண்டு நாள் வரவில்லை. சங்கவி வீடு தேடிப் போனாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் மண்டையில் ஏறாதுங்க, பேத்தி வயசுப் புள்ளைக எல்லாம் பார்த்துச் சிரிக்கும் என்று சுவரிடம் சொன்னார். கிளட்ச் பழகின நாளில் எத்தனை தடவை வண்டி அணைந்தது என்று சங்கவி கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தபடியே விரல்களை மடக்கி எண்ணினார். மறுநாள் காலை அவர் நிலையத்து வாசலில் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

அதற்குப் பிறகுதான் சங்கவிக்குச் சூட்சுமம் பிடிபட்டது. தேள் கொட்டும், அவள் உடனே பின்னால் போவாள், வேறு வார்த்தையில் சொல்வாள். அவர் வாய் திறக்கத் தேவையே இல்லை. சந்தேகம் அவருக்கு முளைப்பதற்குள் இவள் கிள்ளி எடுத்துவிடுவாள். நான்காம் வாரப் பரீட்சையில் அவர் வகுப்பிலேயே மூன்றாவதாக வந்தார். டீச்சருக்கு என் மனசு தெரியுது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீல வில்லை என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. கதவைத் திறக்கிற சமாச்சாரம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள், கதவும் அதற்குத் திறக்கத்தான் செய்தது. சங்கவி அவரைத் திருத்தவில்லை. மனசு தெரிந்தவள் என்ற பேர் கசக்குமா என்ன.

சனிக்கிழமைகளில் துணைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பு. நடத்தியவள் யாழினி. முப்பது வயதுப் பெண், இவர்கள் எல்லோருக்கும் மேலதிகாரி. விளையாட்டுக்காரர்கள் போல இடது மணிக்கட்டில் கறுப்புத் துணிப்பட்டை ஒன்றை எப்போதும் போட்டிருப்பாள். பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள், அவர்களுக்கு எதனால் கூச்சம் வருகிறது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போவாள். பாதி சங்கவியின் தலைக்கு மேலே போகும். முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வாள், எழுதியதை அப்புறம் புரிந்துகொள்ளலாம் என்று. யாழினி நடுநடுவே நிறுத்தி, "சந்தேகம் இருக்குங்களா அக்கா?" என்று இவளைப் பார்த்துக் கேட்பாள். இவள் இல்லை என்று புன்னகைப்பாள். யாழினி பட்டைக்கு மேலே தேய்த்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் நிற்பாள், பிறகு மேலே போவாள்.

அந்தத் தேய்ப்பைப் பார்த்துச் சங்கவிக்குப் பாவமாக இருந்தது. வேர்வையில் அரிப்பு கண்டிருக்கும் என்று நினைத்து, குப்பைமேனி இலையைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாழினி பாட்டிலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விநோதமாகச் சிரித்து, தினமும் போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைவைத்தியம் என்றால் இளக்காரம் என்று சங்கவி எண்ணிக்கொண்டாள்.

ஆறாம் வாரம் செய்முறைத் தேர்வு வந்தது. கூடத்தில் நிஜ லாரி ஒன்றின் அடிச்சட்டம் நிற்கும். அதில் நான்கு பேட்டரிகள், ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் கனம். தேர்வாளர் சொல்வதை மாணவர் தனியாகச் செய்ய வேண்டும். துணைப் பயிற்றுநர் பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. சங்கவி அறைக்குள் போன பிறகுதான் அதற்கும் ஒரு கண்ணாடிச் சுவர் இருப்பதைக் கவனித்தாள். மறுபடியும் கண்ணாடிக்குப் பின்னால் வந்தாயிற்று என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தேர்வாளர் சாவகாசமாகச் சொன்னார்: "மூணாம் நம்பரைக் கழட்டி ரேக்குல வைங்க."

வையாபுரி தலையாட்டினார். தேள் கொட்டிய கொட்டில் சங்கவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

மூன்றாம் பேட்டரியில் ஆரஞ்சு அட்டை இல்லை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அந்த அட்டையை மாட்டுவார்கள். அட்டை இல்லை என்றால் துண்டித்தாயிற்றா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. வையாபுரி அட்டை இல்லாததைப் பார்த்தார். பார்த்தார் என்று தேளே சொல்லிற்று, அது விடாமல் குத்திக்கொண்டே இருந்தது. அவர் ஒரு கணம் நின்று, தோளைத் திருப்பி, கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யாரோ பாடத்தைப் பின்னால் ஓட்டுவார்கள் என்று காத்திருக்கிற பார்வை அது. யாரும் ஓட்டவில்லை. அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். சங்கவி இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து சங்கு ஊதிவிட்டது.

தேர்வுக்கு வைத்த பேட்டரியில் மின்சாரம் கிடையாது. மின்சாரம் ஓடும் லாரியாக இருந்திருந்தால் அவரைத் துணியில் சுற்றித்தான் எடுத்திருப்பார்கள். மறுதேர்வு ஒரு தடவை உண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை. அதிலும் தோற்றால் இருவரும் போக வேண்டியதுதான் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

நிலையத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. சங்கவியின் கால் நிற்காமல் ஆடியது. கடைசியில் அவளே கேட்டாள்.

"அட்டை இல்லைன்னு பார்த்தீங்கல்லங்ணா. ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

வையாபுரி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க டீச்சர்."

பெரிய குற்றச்சாட்டு எதுவும் அதில் இல்லை. சங்கவிக்குத்தான் செருப்பால் அடித்தது போல இருந்தது. ஆறு வாரம் இவள் கற்றுக்கொடுத்தது பேட்டரி மாற்றுவதை அல்ல, கேட்காமல் இருப்பதை. தேள் கொட்டக் கொட்ட ஓடி ஓடி அவருடைய வாயைத் தைத்து வைத்திருக்கிறாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகப் போயிருக்க வேண்டும். ஆறுதலாக எதையோ சொல்லத் தொடங்கி, பழைய கதைக்குள் போய்விட்டார். கேட்பதில் நான் ஒரு காலத்தில் பெரிய ஆளுங்க என்றார். கன்னடம், தெலுங்கு, மராட்டி, இந்தி, ஒரியா என்று எல்லாப் பாஷையிலும் வழி கேட்கத் தெரியும், வழி கேட்பதைத் தவிர வேறெதுவும் அந்தப் பாஷைகளில் தெரியாது என்று சிரித்தார். போனில் வழி சொல்லும் குரல் வந்த பிறகு யாரையும் கேட்கிற வேலை இல்லாமல் போய்விட்டதாம்.

"அப்பக்கூட ஒரு கட்டுப்பாடு உண்டுங்க. ஒருத்தன் சொன்னான்னு வண்டியத் திருப்பக் கூடாது. கொஞ்ச தூரம் போயி இன்னொருத்தனக் கேக்கோணும். மொத ஆளு தெரியாமயே கையக் காட்டியிருப்பான். தெரியலைன்னு சொல்ல ஆருக்கும் மனசு வராதுங்களே."

சங்கவியின் கால் ஆடுவது நின்றது. "அப்பறம் என்னங்ணா. ஒவ்வொரு பேட்டரியும் தெரியாத ஊருன்னு வெச்சுக்குங்க" என்றாள்.

அந்த ஒரு வாரம் போல அவள் வாழ்க்கையில் ஒரு வாரம் போனதில்லை. தேள் கொட்டும்போது பின்னால் ஓட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். முதல் நாள், முதல் கொட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வையாபுரி தலையாட்டினார், இன்னொரு கொட்டு. கையை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். மூன்றாவது கொட்டு. தெரிந்துகொண்டே சும்மா இருப்பது, பக்கத்து வீட்டில் குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். டீச்சருக்குக் கோபம் என்று நினைத்து வையாபுரி மதியம் கடலைமிட்டாய் வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார். கோபமா என்று மட்டும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, வயர்களின் நிறத்தில் ஒரு இடத்தில் அவர் சிக்கினார். சங்கவி உதட்டைக் கடித்தபடி இருந்தாள். தேள் ஒரு நிமிடம் முழுக்கக் கொட்டியது. அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு திரையிடமே, "ஏனுங்க, இந்த மஞ்ச வயரு எங்க போகுதுங்க?" என்றார். திரை சொல்லியது. அவர் எழுந்து பக்கத்து மேசைக்காரரிடம் போய் அதையே இன்னொரு முறை கேட்டுவிட்டு வந்தார். தேள் அடங்கியது. சங்கவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமைக்குள் அவர் திரையைக் கேட்டார், பட்டறை உதவியாளரைக் கேட்டார், தரை துடைக்கிற அம்மாவைக்கூட எதையோ கேட்டுவைத்தார். சங்கவியை மட்டும் கேட்கவில்லை. டீச்சர்கிட்ட எப்படிங்க கேக்கறது, நேரத்தை வீணடிக்கற மாதிரி ஆயிருமே என்றார். கொஞ்சம் வலித்தது. ஆனாலும் வழி கேட்கிற ஆள் மறுபடி வந்துவிட்டாரே, யாரைக் கேட்டால் என்ன என்று தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். அதே தேர்வாளர். இந்த முறை ஒன்றாம் நம்பரைக் கழற்றச் சொன்னார். அட்டை இல்லை. தேள் கொட்டியது. வையாபுரியின் தலை பழக்கதோஷத்தில் ஆடத் தொடங்கி, பாதியில் நின்றது.

"ஏனுங்க, ஒண்ணாம் நம்பருக்குக் கரண்ட் எடுத்தாச்சுங்களா?"

"எடுத்திருப்பாங்க. கழட்டுங்க" என்றார் தேர்வாளர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

 தேர்வாளரே சொல்லிவிட்டார், இனி வையாபுரி தலையாட்டுவார், போய்க் கை வைப்பார் என்று சங்கவி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வையாபுரி பேட்டரிப் பக்கம் போயிருக்கவில்லை. கூடத்தின் மறுகோடியில், மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் பலகைக்கு அருகே நின்ற பெண்ணிடம் நடந்து போய்க்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தாண்டி ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"அம்மிணி, ஒண்ணாம் நம்பருக்குக் கரண்ட் எடுத்தாச்சுங்களா?"

"இல்லீங்களே, இன்னும் எடுக்கலை" என்றாள் அந்தப் பெண்.

தேர்வாளர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். வையாபுரியைப் பார்த்து, காகிதத்தில் எதையோ குறித்து, பேனாவை மூடினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் கைவேலை. வண்டி பழகிய கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மதியம் யாழினி கூப்பிட்டனுப்பினாள். வேலை உத்தரவு கைக்கு வரப்போகிறது என்று சங்கவி முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். மேசைமேல் தாள்கள் இருந்தன. பக்கத்தில் குப்பைமேனி எண்ணெய்ப் பாட்டில், பாதிக்குக் கீழே குறைந்து இருந்தது.

"வையாபுரி தேறிட்டாருங்க அக்கா. ரொம்ப நல்லாப் பண்ணுனாரு" என்று சொன்ன யாழினி, தன் கையிலிருந்த கறுப்புப் பட்டையைக் கழற்றினாள்.

அடியில் ஒரு ரப்பர் வளையல் இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், பழையவையும் புதியவையுமாக. இவள் எதற்குத் தேள் கட்டியிருக்கிறாள், இவளுக்கு மாணவர் யாரும் கிடையாதே என்று சங்கவி குழம்பினாள். அவள் குழம்பிய அந்த நொடியில் யாழினியின் கை சுருக்கென்று துள்ளியது.

சங்கவியின் விரல்கள் தாமாகவே காதுக்குப் பின்னால் போயின. அங்கே ஒரு வெள்ளை வில்லை இருந்தது. சேர்ந்த நாளில் ஒட்டியது. பன்னிரண்டு பக்கப் படிவத்தைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்று அவள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தலையாட்டிப் போட்டுக் கொடுத்தாள். வெள்ளை வில்லை கதவைத் திறந்தது. வேறு என்ன செய்யும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

"ஆறு சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் சந்தேகம் இருக்கான்னு கேட்டேன். நீங்க இல்லைன்னு சிரிச்சீங்க, இது கொட்டுச்சு. ஒரு கேள்வி கேப்பீங்க, ஒண்ணே ஒண்ணுன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

முதலில் வெட்கம்தான் வந்தது. நோட்டில் எழுதி எழுதிக் குவித்த பக்கங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றும் புரியாமல் முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது, நல்ல கோபம். மண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஒன்றும் தெரியாத மாதிரி நின்றிருக்கிறாள் இந்தப் பெண். எண்ணெய் வேறு காய்ச்சிக் கொடுத்தேனே.

"கொட்டுனப்பவே ஏன் மேடம் சொல்லலை? தெரிஞ்சுக்கிட்டே எப்படிச் சும்மா இருந்தீங்க?"

 யாழினி மெதுவாகத்தான் கேட்டாள். "நீங்க அவருகிட்டச் சொன்னீங்களா அக்கா?"

சங்கவி சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே, வாசல் கொட்டகையின் பெஞ்சில் வையாபுரி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு இனிப்புப் பொட்டலம். டீச்சர் வந்ததும் கொடுக்கலாம் என்று காத்திருக்கிற மனுசர்.

யாழினி தாள்களை அவள் பக்கம் நகர்த்தினாள். வேலை உத்தரவும் அதோடு ஒரு உடன்படிக்கையும். இந்தத் தடவையாவது படித்துவிட்டுப் போடுங்கள் என்றாள். சங்கவி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாவது விதியில் விரல் நின்றது. வில்லையின் பயன் படிப்பவருக்குத் தெரிவிக்கப்படக் கூடாது, தெரிந்தால் அவர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள், அளவு பிசகிவிடும், மீறினால் வேலை இல்லை என்று இருந்தது. நல்ல தமிழில், தெளிவாக, யாருக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருந்தார்கள்.

கல்லாப் பெட்டி கண்ணில் வந்து நின்றது. அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் நீளும் கைகள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், பேனா கையில்தான் இருந்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இப்படி ஒரு கையெழுத்துப் போட்டுத்தானே இவள் காதுக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டியிருக்கிறது.

"ஒம்பதாவதை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா வேலை உண்டுங்களா மேடம்?"

யாழினி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளை சும்மா இருந்தது.

"தெரியலீங்க அக்கா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. மேல கேட்டுச் சொல்றேன்."

சங்கவி பேனாவை மூடித் தாள்மேல் வைத்தாள். காதுக்குப் பின்னாலிருந்த வெள்ளை வில்லையை நகத்தால் பிய்த்தெடுத்து அதன் பக்கத்தில் ஒட்டினாள். தேளையும் கழற்றி வைத்தாள். வெளியே போகும்போது கதவு அவளுக்குத் திறக்கவில்லை. யாழினி எழுந்து வந்து திறந்துவிட்டாள்.

வையாபுரி பெஞ்சை விட்டு எழுந்து பொட்டலத்தை நீட்டினார். சங்கவி அதை வாங்கிக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நீல வில்லை என்ன செய்கிறது என்று சொன்னாள். டீச்சருக்கு மனசு தெரியும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அது தேளின் வேலை என்பதைச் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். அவர் தலையாட்டிய ஒவ்வொரு தடவையும் அது கொட்டியது என்றாள். சொல்லிவிட்டு மணிக்கட்டைக் காட்டினாள். சொல்லாமல் விட்டது தப்புங்ணா என்றாள்.

வையாபுரி காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திரும்பி நடந்துவிடுவார் என்றும், பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார் என்றும் பயந்தாள். நெடுஞ்சாலையில் ஆளில்லாத லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. நுனி இல்லாத அந்த விரலால் அவளுடைய மணிக்கட்டில் இருந்த புள்ளிகளைத் தொடாமல் சுட்டிக் காட்டினார்.

"கொட்டறப்ப நோவுமுங்களா அம்மிணி?"

ஏழு வாரத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்று சொல்லச் சங்கவியின் தலை தானாக ஆடத் தொடங்கியது. பெரியவர் மனசு கஷ்டப்படக் கூடாதே. அவள் அதைப் பாதியில் பிடித்து நிறுத்தினாள்.

"நோவுமுங்ணா" என்றாள். "நல்லாவே நோவும்."